ஸ்ரீமத் ராஜசந்திரர்: நூறு கவனத்தை விட்டு ஒரு கவனத்தைப் பற்றியவர்

வடமதுரைக் கடைவீதியில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மளிகைக் கடைக்காரர் ஒருவர் பருப்பை நிறுத்துக் கொண்டிருக்கிறார். தோளுக்கும் காதுக்கும் இடையே கைப்பேசி இருக்கிறது. கண், வாசலில் நிற்கும் சரக்கு வண்டியின் மேல் இருக்கிறது. வாய், கடைப் பையனை அதட்டுகிறது. நான்கு வேலைகளும் ஒருங்கே நடைபெறுகின்றன. ஆனால் நான்கில் ஒன்றிலும் அவர் முழுமையாக இல்லை. மாலையானால் தலை கனக்கிறது என்கிறார். இரவில் படுத்தால் கண் மூடுவதில்லை என்கிறார். நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து உலை வைக்கும் பெண்ணும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் இதையே வேறு சொற்களால் சொல்கின்றனர். மன அழுத்தம் என்னும் சொல் நம் இளமையில் ஊர்ப் பேச்சில் இல்லை. இன்று பள்ளிப் பிள்ளையின் வாயிலும் அது வந்துவிட்டது.

பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதே திறமை என்று உலகம் புகழ்கிறது. இந்தப் புகழை இருபது வயதுக்குள்ளேயே முற்றப் பெற்று, அது வேண்டாம் என்று தாமே இறக்கி வைத்தவர் ஒருவர் நம் சமயத்தில் வாழ்ந்தார். அவர் காட்டுக்கு ஓடிய துறவியல்லர். முத்தும் வைரமும் விற்ற வணிகர். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். காந்தியடிகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்த அப்பெருமகனார் ஸ்ரீமத் ராஜசந்திரர் ஆவார். அவருடைய வாழ்க்கையை, அன்றாடக் கவலையை வெல்லும் வழி என்னும் ஒரு நோக்கில் மட்டும் ஈண்டுக் காண்போம்.

வவாணியாவில் பிறந்த பிள்ளை

சௌராட்டிர நாட்டில் மோர்பியை அடுத்த வவாணியா என்னும் ஊரில், 1867-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், கார்த்திகைப் பௌர்ணமியன்று அவர் பிறந்தார். தந்தையார் ரவஜிபாய் மேத்தா, தாயார் தேவபா. பாட்டனார் கண்ணபிரானிடம் பற்றுடையவர். தாயாரோ ஜைன மரபில் வந்தவர். முதலில் லட்சுமிநந்தன் என அழைக்கப்பெற்ற பிள்ளைக்கு நான்காம் வயதில் ராய்சந்த் என்று பெயர் மாற்றினர். இரு வழிபாட்டு நெறிகளும் ஒரே வீட்டில் இருந்தமையால், பிறர் நம்பிக்கையை இகழாத பண்பு அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

ஏழாம் வயதில் நிகழ்ந்த ஒன்று அவர் வாழ்வைத் திருப்பிற்று. பிள்ளையிடம் அன்பு காட்டிய அமீசந்த் என்பவர் பாம்பு தீண்டி இறந்துபோனார். இறப்பு என்றால் என்ன என்று பாட்டனாரைக் கேட்டபோது, அவர் விடை கூறாமல் பேச்சை மாற்றிச் சாப்பிட அழைத்தார். பிள்ளை ஒருவருக்கும் தெரியாமல் குளக்கரைக்குச் சென்று, கருவேல மரமொன்றின் மேலேறி, எரியும் சிதையைப் பார்த்தது. நேற்று வரை பேசிச் சிரித்தவரை ஏன் எரிக்கின்றனர், எது நீங்கியதால் உடல் இவ்வாறு ஆயிற்று என்னும் வினா உள்ளத்தில் தைத்தது. அப்போதே முற்பிறவி நினைவு தோன்றிற்று என்று அவர்தம் வரலாறு கூறும். அதனை ஏற்போரும் ஏற்காதோரும் ஒன்றை ஒப்புவர்: அப்பிள்ளை அச்சத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளவில்லை, கூர்ந்து பார்த்தது. கவலையை எதிர்கொள்ளும் முதற்பாடம் இதுவேயாகும். நாமோ வருத்தம் வந்தவுடன் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ திறந்து, அந்தப் பாட்டனாரைப் போலவே பேச்சை மாற்றிவிடுகிறோம்.

பள்ளியில் ஏழு வகுப்புப் பாடங்களை இரண்டே ஆண்டுகளில் அவர் கற்று முடித்தார். பதினாறாம் வயதில் இளையோர்க்கென மோட்சமாலை என்னும் நூலை 108 பாடங்களாக எழுதினார். அதனை மூன்று நாட்களில் எழுதி முடித்தார் என்பர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு அந்நூலின் அமைப்பே வியப்பளிக்கிறது. பாடங்கள் சிறியவை; கதையும் கருத்தும் மாறி மாறி வருபவை; பிள்ளையின் பொறுமைக்கு ஏற்ற அளவினவை.

நூறு கவனம்

நம் தமிழ்நாட்டில் அவதானக் கலை புதிதன்று. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய வரலாற்றைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வதுண்டு. அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்பே, 1887-இல், பம்பாயில் பிராம்ஜி காவஸ்ஜி நிலையத்தில் பத்தொன்பது வயது இளைஞரான ராய்சந்த் நூறு செயல்களை ஒருங்கே கவனத்தில் நிறுத்திக் காட்டினார். மோர்பியில் ஒருவர் எட்டு அவதானம் செய்யக் கண்டு, தாமும் பன்னிரண்டு, பதினாறு, ஐம்பத்திரண்டு என ஏறி நூற்றை எட்டியிருந்தார். ஒரு பக்கம் சொக்கட்டானும் சதுரங்கமும் சீட்டும் ஆடுவார்; மணியோசையை எண்ணுவார்; மனக்கணக்குப் போடுவார்; கேட்ட பொருளில் கவி புனைவார்; தாம் அறியாத மொழிகளின் சொற்களை முறை மாற்றிச் சொன்னாலும் இறுதியில் வரிசைப்படுத்தி ஒப்புவிப்பார்.

பொற்பதக்கம் கிடைத்தது. நாளிதழ்கள் புகழ்ந்தன. பம்பாய்த் தலைமை நீதிபதியாக இருந்த சர் சார்லஸ் சார்ஜண்ட், ஐரோப்பாவுக்குச் சென்று இத்திறனைக் காட்டுமாறு யோசனை கூறினார். நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு இவ்வாய்ப்பு வந்தால் ஊரே திரண்டு வழியனுப்பும். அவர் செல்லவில்லை. அங்கே ஜைன ஒழுக்கத்தோடு வாழ இயலாது என்று கருதினார். அதனினும் பெரிய செயலை அடுத்துச் செய்தார். ஏறத்தாழ இருபதாம் வயதில் அவதானக் காட்சிகளையே விட்டொழித்தார். அத்திறன் புகழைத் தரும். தன்னை அறியும் முயற்சிக்கோ தடையாகும் என்பது அவர் கண்ட முடிவு.

இதனைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூறு பொருள்களைப் பற்ற இயலாதவன் ஒன்றைப் பற்றுதல் வியப்பன்று. நூற்றையும் பற்றவல்லவர், அது அமைதிக்கு வழியன்று என்று சொல்லி ஒன்றைத் தேர்ந்தார். பலவற்றில் சிதறிய கவனத்தைச் சாதனை எனப் போற்றும் இக்காலத்துக்கு, அவர் சான்று போல வேறொரு சான்று கிடைப்பது அரிது.

வாணிக மேசைமேல் ஒரு நூல்

1888-இல் அவருக்கு ஜபக்பேன் என்னும் நங்கையோடு திருமணம் நிகழ்ந்தது. பின்னர்ப் பம்பாயில் ரேவாசங்கர் ஜகஜீவன் என்பாரின் பெயரில் நடைபெற்ற மணி வாணிகத்தில் பங்காளியாகச் சேர்ந்தார். முத்தும் வைரமும் அரபு நாட்டுக்கும் இரங்கூனுக்கும் இங்கிலாந்துக்கும் போக்குவரத்தான காலம் அது. விலை ஒரு நாளில் ஏறும்; மறுநாள் இறங்கும். கல்லின் ஒளியில் ஒரு சிறு குறையைக் காணத் தவறினால் ஆயிரக்கணக்கில் இழப்பு வரும். மன அழுத்தத்துக்கு இதனினும் ஏற்ற தொழிலை நாம் தேடிக் காண்பது அரிது.

1891-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் அவரை முதன்முதல் கண்டார். ஜபக்பேன் அம்மருத்துவரின் தமையனார் மகளாவார். தாயார் காலமான செய்தியைக் கரையிறங்கிய பின்னரே அறிந்து, அத்துயரை உள்ளடக்கிக் கொண்டிருந்த இளைஞர் காந்தி. வழக்குகளும் இல்லை, எதிர்காலமும் தெளிவாக இல்லை. தம்மைவிட இரண்டே வயது மூத்த அவரை ராய்சந்த் பாய் என்று அழைத்து, அவர் கடைக்கு அடிக்கடி சென்று அமர்ந்தார்.

அங்கே கண்டதைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். வாணிக மேசைமேல் எப்போதும் ஒரு சமய நூலும் ஒரு நாட்குறிப்பும் இருக்கும். இலட்சக்கணக்கான ரூபாய் பேரம் முடியும். முடிந்த அக்கணமே ராய்சந்த் பாய் நூலைத் திறப்பார், அல்லது நாட்குறிப்பில் எழுதத் தொடங்குவார். மற்றொரு வணிகர் வந்தால் நூலை மூடிவிட்டுக் கல்லைக் கையில் எடுப்பார். இலாப நட்டம் எதிலும் அவர் நிலைகுலைந்ததைக் காந்தியடிகள் ஒருபோதும் கண்டதில்லை.

வேலை முழுவதும் முடிந்த பின் அமைதியைத் தேடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை அவர் வீணாக்கவில்லை. இதனைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு வகுப்பறைக் கரும்பலகை நினைவுக்கு வருகிறது. முன் பாடவேளையின் எழுத்தைத் துடைக்காமல் அதன்மேலேயே அடுத்த பாடத்தை எழுதினால் பிள்ளைகள் எதைப் படிப்பர்? நாம் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பினுள் நுழைந்ததும் பலகையைத் துடைத்து, தேதியிட்டு, ஒரு கணம் வகுப்பைப் பார்த்து, அதன்பின் வாய் திறக்க வேண்டும் என்று கற்பித்தனர். ராஜசந்திரரின் நாட்குறிப்பு அத்தகைய துடைப்பம். கடையின் சினத்தை வீட்டுக்கும், வீட்டின் வருத்தத்தைக் கடைக்கும் சுமந்து செல்லும் நாமோ பலகையைத் துடைப்பதே இல்லை.

அவர்தம் அன்பர்கள் வழிவழியாகக் கூறும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வணிகர் ஒருவர் குறித்த விலைக்குக் குறித்த நாளில் வைரம் தருவதாக அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் விலை மிகவும் ஏறிவிட்டது. சொன்னபடி கொடுத்தால் அவ்வணிகர் வீடு வாசலை இழக்க நேரிடும். ராஜசந்திரர் தாமே அவரைத் தேடிச் சென்று, இருவர் கவலைக்கும் காரணம் இத்தாளே என்று கூறி, ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டாராம். பிறர் அழிவினால் வரும் வருவாய் தமக்கு வேண்டாம் என்பது அவர் கருத்து. மனஅமைதி மூச்சுப் பயிற்சியால் மட்டும் வருவதன்று, நேர்மையாலும் வருவது. பிறரை நெருக்கிப் பெற்ற பணத்தின்மேல் தலை வைத்துப் படுப்பவர்க்கு எந்தத் தியானமும் உறக்கம் தராது.

கவலையின் நான்கு வேர்கள்

மனம் ஏன் அலைகிறது என்பதை நம் ஆசாரியர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தனர். துயர்ப்படும் மனத்தின் இடையறாத எண்ணத்தை ஆர்த்த தியானம் என்றனர். தியானம் என்பது நல்லதற்கே உரிய சொல் என்று நாம் எண்ணுகிறோம். கவலையும் ஒரு தியானமே. அதிலும் மனம் ஒன்றையே பற்றிச் சுழல்கிறது. அதன் வகை நான்கு. விரும்பியது பிரிந்ததே என்னும் எண்ணம் ஒன்று. விரும்பாதது வந்து சேர்ந்ததே என்னும் எண்ணம் இரண்டு. உடல் நோவைப் பற்றிய எண்ணம் மூன்று. இனி இன்னது கிடைக்க வேண்டுமே என்னும் ஏக்கம் நான்கு. இன்று உறக்கமின்றிப் புரளும் எவரும் தம் எண்ணத்தை இந்நான்கு பெட்டிகளுள் ஒன்றில் இட்டுவிடலாம். இவ்வாறு பெயரிட்டுப் பார்த்த அளவிலேயே கவலையின் வேகம் சிறிது தணிவதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

இதற்கு மாற்றாக இல்லறத்தார்க்கு விதித்தது சாமாயிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், விருப்பு வெறுப்பின்றி அமர்ந்திருத்தலே அது. அருங்கலச்செப்பு ஓதிய நம் வீடுகளில் இதனை அறியாதார் இலர்; செய்வோர்தாம் குறைவு. மோட்சமாலையில் பதினாறு வயது ராஜசந்திரர் இதனைப் பற்றி எழுதும்போது, சாமாயிகத்தில் நேரும் குற்றங்கள் 32 என எடுத்துக்காட்டுகிறார். மனத்தால் 10, சொல்லால் 10, உடலால் 12. புகழுக்காக அமர்வது மனக்குற்றம். இருக்கையில் அசைவதும், கண்ணை அலைய விடுவதும், சோம்பல் முறிப்பதும், விரலைச் சொடக்குவதும், உறங்கி விழுவதும் உடற்குற்றம். இவற்றைப் படிக்கும்போது நம்மையே அருகிலிருந்து பார்த்து எழுதியது போன்று தோன்றுகிறது. பிள்ளையின் தவற்றை இன்னது என்று சுட்டிக் காட்டாமல், ஒழுங்காக இரு என்று மட்டும் அதட்டும் ஆசிரியர் பயன் காணார். அவரோ இன்னது தவறு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டார்.

மேனாட்டில் 1979-ஆம் ஆண்டு ஜான் கபட் ஸின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வி நிலையத்தில் நோயாளர்க்கு எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் வேர்கள் பௌத்த மரபிலும் யோகத்திலும் உள்ளன. நம் சமயத்திலேயே ஆசாரிய துளசியின் வழிகாட்டலில், பின்னாளில் ஆசாரிய மகாபிரக்ஞர் எனப்பெற்ற முனிவர் 1975-இல் பிரேக்ஷா தியானத்தை வகுத்தளித்தார். மூச்சையும் உடலையும் எண்ணத்தையும் உள்ளது உள்ளவாறு பார்த்தல் என்பதே இவற்றின் பொது நெறி. ஜைனநூல்கள் சோர்வின்மையை அப்பிரமாதம் எனக் கூறும். பெயர்கள் வேறாயினும், கவனம் சிதறும்போதெல்லாம் அதனைத் திருப்பி அழைத்து வருதலே எங்கும் பயிற்சியாக உள்ளது.

காந்தியடிகள் கண்ட பழக்கங்கள்

ராஜசந்திரரின் விழிப்பு, பூசையறையோடு நின்றுவிடவில்லை. அவர் மெல்ல நடப்பார் என்றும், நடக்கும்போதே சிந்தனையில் ஆழ்ந்திருப்பது காண்போர்க்குப் புலனாகும் என்றும் காந்தியடிகள் எழுதுகிறார். கண்களில் ஒளி இருந்ததாம், பரபரப்பு இல்லையாம். உடையில் எளிமை இருந்தது. மடிப்புக் கலையாத ஆடையில் அவர் கருத்துச் செலுத்தவில்லை. இலையில் இட்டதை உண்பார். இது வேண்டும் அது வேண்டும் என்னார். தரையிலும் நாற்காலியிலும் ஒரே நிலையில் அமர்வார். இவை சிறு செய்திகளே. ஆனால் நாள் முழுதும் நம் மனத்தை அரிப்பவையும் இத்தகைய சிறு செய்திகளே அன்றோ? எதை உடுப்பது, எதை உண்பது, யார் என்ன நினைப்பார் என்னும் வினாக்களைக் குறைத்துவிட்டால், பெரிய வினாக்களுக்கு மனம் ஒழிவு பெறுகிறது.

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், அங்கே கிறித்துவ நண்பர்களின் அன்பான வற்புறுத்தலால் சமயக் குழப்பத்துக்கு ஆளானார். ஆன்மா யாது, கடவுள் யார், வீடுபேறு யாது என்பன முதலாக 27 வினாக்களை எழுதி ராய்சந்த் பாய்க்கு அனுப்பினார். 1894-இல் விடை வந்தது. பாம்பு தீண்ட வந்தால் கொல்வதா, தீண்ட விடுவதா என்பது இறுதி வினா. பாம்புக்கு அமீசந்தைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளையே வளர்ந்து இதற்கு விடை எழுதிற்று. உடல் அழிவது என உணர்ந்தவர் அதனைக் காப்பதற்காகக் கொல்ல நினையார் என்றும், அவ்வுணர்வு வாராதவர்க்கும் கொல்லுமாறு கூறத் தமக்கு இயலாது என்றும் விளக்கினார். விடைகள் அனைத்தினும் சிறந்தது அவர் காட்டிய பொறுமை. அவசரப்படாமல் பிறந்த சமயத்தை ஆழ்ந்து கற்குமாறு அவர் அறிவுறுத்தினார். காந்தியடிகளின் மனம் அமைதியுற்றது. தாம் அவரைக் குருவாக ஏற்கவில்லை என்று காந்தியடிகள் வெளிப்படையாக எழுதியுள்ளார். ஆயினும் ஆன்மிக நெருக்கடிகளில் அவரே தமக்குப் புகலிடமாக இருந்தார் என்பதையும் மறைக்கவில்லை.

தமிழ்ச் சமணர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. பொன்னூர் மலையில் திருவடி வைத்து நாம் வணங்கும் குந்தகுந்த ஆசாரியரை ராஜசந்திரர் பெரிதும் போற்றினார். சமயசாரத்தைப் பயின்றார், பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தி மொழியில் பெயர்த்தார். திகம்பரர், சுவேதாம்பரர் என்னும் வேற்றுமை பாராமல் நூல்களை வெளியிட, 1900-இல் பரமஸ்ருத பிரபாவக மண்டலம் அமைய வழிகோலினார்.

சுமையை இறக்கிய முறை

அவர் வாழ்வில் போராட்டமே இல்லை என்று எண்ணுதல் பிழையாகும். சாயலாவில் வாழ்ந்த சோபாக் பாய்க்கு எழுதிய மடல்களில், வாணிகச் சுமையை உபாதி என்றே குறிக்கிறார். மனத்துன்பம் ஆதி, உடல்துன்பம் வியாதி, புறத்திலிருந்து வந்து ஒட்டும் தொல்லை உபாதி. இம்மூன்றும் தீண்டாத நிலையே சமாதி என்பர். உபாதியின் நடுவே சமாதியைக் காத்தல் எத்துணை அரிது என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். பெரியோர் தம் பாரத்தை ஒப்புக்கொள்வது, நம் போன்றோர்க்கு ஆறுதலாக இருக்கிறது.

ஒரே நாளில் கடையைப் பூட்டிவிட்டு அவர் ஓடவில்லை. பங்காளிகள், குடும்பத்தார் ஆகியோர்க்குரிய கடமை இருந்தது. ஆண்டுதோறும் சில திங்கள் பம்பாயை விட்டு நீங்கி, காவிட்டா, ராளஜ், வசோ முதலிய சிற்றூர்களிலும், பின்னர் ஈடர் மலைப்பகுதியிலும் தனித்திருந்தார். 1896-இல் நடியாத் நகரில் தங்கியிருந்தபோது, அன்பர் அம்பாலால் விளக்கேந்தி நிற்க, 142 பாடல்கள் கொண்ட ஆத்மசித்தியை ஒரே அமர்வில் இயற்றினார். பல ஆண்டுகள் சிறிது சிறிதாகத் திரட்டிய ஒருமை அன்று பொழிந்தது எனலாம். 1899-ஐ ஒட்டி வாணிகத்திலிருந்து அறவே விலகினார்.

அதன்பின் நெடுநாள் வாழவில்லை. 1900-இல் கடுமையான வயிற்று நோய் பற்றியது. உடல் எலும்பும் தோலுமாயிற்று. வட்வாணில் எடுத்த இரு நிழற்படங்களில், மெலிந்த உடலோடு பத்மாசனத்திலும் காயோத்ஸர்க்க நிலையிலும் அவரைக் காண்கிறோம். உடல் சுருங்கியிருக்கிறது, முகம் சுருங்கவில்லை. இறுதியில் தம்பியாரிடம் அன்னையின் உள்ளம் வருந்தாமல் பார்த்துக்கொள்ளுமாறு கூறி, 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் இராஜகோட்டையில் அமைதியாக உடல் நீத்தார். அகவை 33.

இத்துணை அமைதி பெற்றவர் ஏன் இளமையில் மறைந்தார் என்று மாணவர் ஒருவர் நம்மைக் கேட்டதுண்டு. அன்று தக்க விடை தோன்றவில்லை. இப்போது சொல்வோம். சமநிலை, நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் விலையன்று. நோய் எவர்க்கும் வரும். தீர்த்தங்கரர் வழி நின்றோர்க்கும் வரும். நோய் வந்தபோது அதனோடு சினம், அச்சம், புலம்பல் என்னும் மூன்று நோய்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தார் என்பதே அவர் வெற்றி. தியானம் செய்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஓடிவிடும் என்று வாக்களிப்போரை நம்பி மருந்தை நிறுத்துதல், அவர் காட்டிய வழியன்று.

நாம் கைக்கொள்ளத் தக்கவை

நம் குறையைச் சொல்லாமல் அறிவுரை கூறுதல் அழகன்று. பணியிலிருந்த காலத்தில், உணவுத் தட்டை ஒரு புறமும் விடைத்தாள் கட்டை மறுபுறமும் வைத்துக்கொண்டு பல இரவுகளைக் கழித்தோம். மகள் அருகில் அமர்ந்து பள்ளியில் நடந்ததைச் சொல்வாள். ஊம் கொட்டினோமே அன்றிக் கேட்கவில்லை. ஒரு நாள் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்திய நாள் எது என்பதுகூட நமக்குத் தெரியாது. திருத்திய தாள்களில் ஒன்றேனும் இன்று நினைவில் இல்லை; கேளாமற்போன பேச்சுதான் இன்றும் உறுத்துகிறது. ஆகவே பின்வருவனவற்றைக் கற்றறிந்தவராக அன்றி, காலம் தாழ்த்திக் கற்றவராகச் சொல்கிறோம்.

காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தொடுமுன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை, மந்திரம் ஒன்றுக்கு மூன்று மூச்சாக, 27 மூச்சுகளில் சொல்லுதல் நம் மரபு. சில நிமிடங்களே ஆகும். மெதுவான மூச்சு, படபடக்கும் நெஞ்சைத் தணிக்கும்.

ஒரு வேலை முடிந்து மறு வேலை தொடங்குமுன், மூன்று மூச்சளவு நின்று, கரும்பலகையைத் துடைத்தல் வேண்டும். கடையை மூடும்போதும், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் இதனைச் செய்யலாம்.

உண்ணும்போது உணவே கவனம். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் நோன்பு, உயிர்களுக்குச் செய்யும் அருள் மட்டுமன்று. படுக்கைக்குச் செல்லுமுன் வயிற்றுக்கு ஒழிவு தந்து, நல்லுறக்கத்துக்கும் துணை செய்கிறது. ஷிப்டு வேலையால் இயலாதவர், உண்டவுடன் படுக்காமலாவது இருக்கலாம். மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ணாநோன்பு மேற்கொள்ளுக.

பயனற்ற செயலைத் தவிர்க்கும் அநர்த்த தண்ட விரதத்தை இக்காலத்துக்கு ஏற்பப் புதுப்பித்துக் கொள்வோம். ஒருவர் குறையைப் பிறர் பேச, அதைக் கைப்பேசியில் நாம் படித்துப் புழுங்குவதும் அநர்த்தமே. வாரத்தில் ஒரு மாலையேனும் அதனை அணைத்து வைத்தல் எளிய தேசாவகாசிகம்.

48 நிமிடம் அமர இயலாதார் பத்து நிமிடத்தில் தொடங்குக. இரவில் நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதுக. இன்று எங்கே நிலை தவறினோம் என்று பார்த்து வருந்தி விடுவதே பிரதிக்கிரமணத்தின் சாரம்.

இவற்றையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் உறக்கமின்மையும் உள்ளச்சோர்வும் நீங்காவிடில், வாழவே விருப்பம் குன்றினால், நாணாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். அவ்வாறு வருந்துவோரைப் பக்தி போதாதவர் என்று ஏசுவது இம்சையாகும்.

பழனியை அடுத்த ஐவர்மலையில் நம் முன்னோர் அமைத்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் பாறையில் உள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில், 870-ஆம் ஆண்டில், சாந்திவீரக் குரவர் பார்சுவ பட்டாரகரையும் இயக்கியரையும் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பழுதுற்றதைப் புதுப்பித்தல் நம் மண்ணில் பழைய அறம். சிதறிய மனத்தையும் நாள்தோறும் அவ்வாறே புதுப்பிக்கலாம். அதற்கு மலையேற வேண்டியதில்லை. வடமதுரைக் கடைக்காரர் தராசின் முள் நிற்கும் வரை கைப்பேசியைக் கீழே வைத்தால் போதும். முள் நிற்கும் அந்த ஒரு கணத்தில், பம்பாயில் முத்து நிறுத்த அந்த வணிகரின் அருகில் அவரும் அமர்ந்திருப்பார்.

எல்லா உயிர்களும் அமைதி பெறுக. அறம் ஓங்குக.